ஐந்து மீட்டர் நடை

நேயர்களுக்கு வணக்கம்.

"பைபாஸ் செய்தால் ஆபத்து எத்தனை சதவீதம், டாக்டர்?" இதய அறுவை மருத்துவரிடம் நோயாளியின் வீட்டார் முதலில் கேட்பது இதைத்தான். "இரண்டு சதவீதம்" என்று சொன்னால் முகம் தெளிந்துவிடும். அந்த இரண்டு எங்கிருந்து வருகிறது?

யூரோஸ்கோர் என்று ஒரு கணக்கு உண்டு. 1999இல் வந்தது. அறுவை சிகிச்சை முன்னேறிய பிறகு அது ஆபத்தைக் கூட்டிக் காட்டியதால் 2012இல் திருத்தினார்கள். வயது, இதயம் சுருங்கும் வலு, அண்மையில் மாரடைப்பு வந்ததா, இன்சுலின் போடுகிறாரா, நுரையீரல் எப்படி, அவசர அறுவையா என்று 18 விவரங்களைக் கேட்கும். இவரைப் போன்ற நூறு பேரில் எத்தனை பேர் பிழைக்காமல் போகலாம் என்று சொல்லும். யார் அந்த இருவர் என்று சொல்லாது. மறுபடியும் சொல்கிறேன், யார் என்று சொல்லாது.

அந்த 18இல் ஒன்றான சிறுநீரகத்தைப் பார்ப்போம். 78 வயது, 45 கிலோ எடையுள்ள ஒரு பாட்டி. ரத்தத்தில் கிரியேட்டினின், அதாவது தசையில் உண்டாகிச் சிறுநீரகம் வெளியேற்றும் கழிவு, 1.1. சீட்டில் 'இயல்பு' என்றே இருக்கும். தசை குறைந்த உடலில் கிரியேட்டினின் உற்பத்தியே குறைவு. வயதையும் எடையையும் சேர்த்துக் கணக்கிட்டால் சிறுநீரகம் நிமிடத்துக்குச் சுமார் 30 மில்லிதான் வடிகட்டுகிறது. யூரோஸ்கோரில் 50க்குக் கீழே போனாலே ஆபத்து நன்றாக ஏறிவிடும்.

இனி என் பிடிவாதத்துக்கு வருகிறேன். என் இளைய மருத்துவர்கள் கேட்டுக் கேட்டுச் சலித்தது. நோயாளியை நடக்கச் சொல்லிப் பாருங்கள்!

ஒரு பெரியவரைச் சக்கர நாற்காலியில் அழைத்துவந்தார்கள். கணக்குப்படி ஆபத்து குறைவு. "எழுந்து நடங்கள் ஐயா" என்றேன். "அப்பாவை ஏன் சார் சிரமப்படுத்துகிறீர்கள்?" என்று மகனுக்குக் கோபம். பெரியவர் மேசையைப் பிடித்து எழுந்தார். ஐந்து மீட்டரைக் கடக்கப் பத்து வினாடிக்கு மேல் ஆயிற்று. அன்பு மிகுந்த வீடு, தண்ணீர்க் குவளைகூடக் கைக்கே வந்துவிடும். அவர் மாதக்கணக்கில் நடக்கவே இல்லை என்பது அப்போதுதான் தெரிந்தது.

70 வயதைத் தாண்டிய இதய அறுவை நோயாளிகளிடம் நடந்த ஓர் ஆய்வு 2010இல் வெளிவந்தது. ஐந்து மீட்டருக்கு ஆறு வினாடியோ கூடுதலோ எடுத்துக்கொண்டவர்களுக்கு மரணமோ பெரிய சிக்கலோ நேரும் வாய்ப்பு ஏறக்குறைய மூன்று மடங்கு. யூரோஸ்கோரிலும் நடமாட்டம் பற்றி ஒரு கேள்வி இருக்கிறது. ஆனால் அது மூட்டு, நரம்புக் கோளாறால் கடுமையாக முடங்கியவர்களுக்கானது. மெதுவாக நடப்பவர் அதில் அகப்படமாட்டார்.

பெரியவருக்கு வலி கட்டுக்குள் இருந்ததால் சில வாரம் தள்ளிவைத்தோம். மேற்பார்வையில் நடை, மூச்சுப் பயிற்சி, புரத உணவு. பிறகுதான் அறுவை. எல்லோருக்கும் இப்படித் தள்ளமுடியாது. ஓய்விலும் மார்வலி விடாத நோயாளியை நடக்கவிட்டுக் கடிகாரம் பார்ப்பது மடத்தனம்.

நேரம் முடிந்ததென்று ஒலிப்பதிவு அறைக் கண்ணாடிக்கு அப்பாலிருந்து கை காட்டுகிறார்கள். மாத்திரைகளைப் பற்றி விரிவாகப் பேச நினைத்திருந்தேன். சுருக்கமாக: ரத்தம் உறையாமல் தடுக்கும் குளோபிடோக்ரலை வழக்கமாக அறுவைக்கு ஐந்து நாள் முன்பு நிறுத்துவோம், ஆஸ்பிரினைப் பெரும்பாலும் தொடர்வோம். எதையும் நீங்களாக நிறுத்தாதீர்கள், சிகரெட்டைத் தவிர. அதை இன்றே நிறுத்தலாம். நன்றி, வணக்கம்.