தீர விசாரிப்பதே மெய்

(கல்லூரி இயற்பியல் மன்றத் தொடக்க விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

மதிப்பிற்குரிய தாளாளர் ஐயா அவர்களே, முதல்வர் அம்மா அவர்களே, இயற்பியல் துறைத் தலைவர் அவர்களே, வகுப்புகளை ஒத்திவைத்துவிட்டு வந்திருக்கும் வேதியியல், உயிர்வேதியியல் பேராசிரியர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் பெருமக்களே, மாணவ மாணவியரே, அனைவருக்கும் வணக்கம். தாளாளர் ஐயா முழங்கால் வலியோடு இரண்டு மாடி ஏறி வந்திருக்கிறார்கள். அந்த அன்புக்கு என் வணக்கம். முதல்வர் அம்மாவுக்குத் தனியாக ஒரு நன்றி உண்டு. நான் கேட்டவுடன் கணினி ஆய்வகத்தை இன்று மாலை ஆறு மணி வரை திறந்து வைக்கச் சம்மதித்தார்கள். எதற்கு என்று பிறகு சொல்கிறேன்.

மூன்று செய்திகள் பேசுவதாகத் துறைத் தலைவரிடம் சொல்லியிருந்தேன். புரதப் படிகவியலில் தவறு எப்படி நுழைகிறது என்பது ஒன்று. அதை எப்படிப் பிடிக்கிறார்கள் என்பது இரண்டு. புரதத்தை உறையவைத்து எலெக்ட்ரானால் படம்பிடிக்கும் கிரையோ எலெக்ட்ரான் நுண்ணோக்கி வந்தபின் என்ன மாறியிருக்கிறது என்பது மூன்று. மூன்றுக்கும் சேர்த்து நம் வீட்டுப் பெரியவர்கள் ஒரு வரி சொல்லி வைத்திருக்கிறார்கள். கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய்.

புரதத்தைப் படிகமாக்கி எக்ஸ் கதிரைச் செலுத்தினால் நமக்குக் கிடைப்பது புள்ளிகள்தான். புள்ளிகளின் செறிவை அளக்கலாம். அலையின் கட்டம், அதாவது அலை எந்த நிலையில் வந்து சேர்கிறது என்பது, அளவீட்டில் தொலைந்துபோகிறது. அதை வேறு வழியில் மீட்டுக் கணக்குப் போட்டால் எலெக்ட்ரான் அடர்த்தி வரைபடம் வரும், மேகம் போல. அந்த மேகத்துக்குள் அமினோ அமிலச் சங்கிலியைக் கோப்பவர் மனிதர். மேகம் மங்கலாக இருந்தால் கை தவறும். வெளிவந்த அமைப்புகள் சிலவற்றில் சங்கிலியையே தவறாகக் கோத்திருக்கிறார்கள் என்று 1990ல் கார்ல் பிராண்டேனும் ஆல்வின் ஜோன்ஸும் நேச்சர் இதழில் வெளிப்படையாக எழுதினார்கள்.

அப்போதெல்லாம் ஆர் மதிப்பு என்ற ஒற்றை எண்ணைத்தான் பெரிதாக நம்பினார்கள். மேகத்துக்குள் கோத்த சங்கிலியை மாதிரி என்பார்கள். அந்த மாதிரியிலிருந்து கணக்கிட்ட புள்ளிகள், அளந்த புள்ளிகளோடு எவ்வளவு முரண்படுகின்றன என்று சொல்லும் எண் அது. குறைவாக இருந்தால் நல்லது. ஆனால் திருத்தத் திருத்த, தவறான மாதிரியையும் அந்தப் புள்ளிகளுக்கு ஏற்ப வளைத்துவிட முடியும். எண் அழகாக இறங்கும், அமைப்பு தவறாகவே இருக்கும்.

இதைப் புரியவைக்க என் வீட்டுக் கதை ஒன்று சொல்கிறேன். 1974ஆம் வருஷம். அக்காவுக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்தோம். தரகர் ஒரு ஜாதகம் கொண்டுவந்தார். பத்துக்கு எட்டுப் பொருத்தம். கூடவே ஸ்டூடியோவில் எடுத்த போட்டோ. பையன் கோட்டுப் போட்டு நிற்கிறான், பக்கத்தில் பூச்சாடி. மில்லில் சூப்பர்வைசர் வேலை என்றார்கள். அப்பாவுக்கு வாயெல்லாம் பல். அம்மா தட்டு மாற்ற நாள் பார்க்கவே சொல்லிவிட்டார். தாய்மாமன் மட்டும் திண்ணையில் வெற்றிலை மென்றபடி, “விசாரிச்சாச்சா?” என்று கேட்டார்.

விசாரித்திருந்தோம். பையன் வீட்டார் மூன்று பேர் பெயரைக் கொடுத்திருந்தார்கள். அப்பா மூன்று பேரையும் போய்ப் பார்த்தார். மூவரும் தங்கமான பையன் என்றார்கள். மாமா வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து சொன்னார்: “அவங்க கைகாட்டின ஆளு அவங்க சொன்னதைத்தான் சொல்வான் மச்சான். அவங்க கைகாட்டாத ஆளைக் கேக்கணும்.”

மறுநாள் விடியற்காலை பஸ் ஏறினார். பையன் வீட்டுத் தெருவுக்குப் போகவில்லை. மில் கேட்டுக்கு எதிரே டீக்கடையில் உட்கார்ந்தார். ஒரு டீ, இன்னொரு டீ. சங்கு ஊதி ஷிஃப்ட் மாறியது. வெளியே வந்தவர்களிடம் பையன் பெயரைச் சொல்லி, “அவருக்கு ஒரு பணம் கொடுக்கணும், எந்த ஷிஃப்ட்?” என்று கேட்டார். பணம் வாங்க வந்தவன் என்றால் யாரும் வாய் திறக்க மாட்டார்கள். கொடுக்க வந்தவன் என்றால் நாலு பேர் வழி காட்டுவார்கள். அப்புறம் மளிகைக் கடைக்குப் போய் அரைக் கிலோ புளி வாங்கிக்கொண்டே, அந்த வீட்டுப் பற்று எவ்வளவு நிற்கிறது என்று பேச்சுக் கொடுத்தார். ராத்திரி பத்து மணிக்குப் புளிப் பொட்டலத்தோடு வந்து சேர்ந்தார். பையன் அந்த மில்லில் வேலை பார்த்தது உண்மைதான். ஆனால் நின்று இரண்டு வருஷம் ஆகிவிட்டது. கடையில் எட்டு மாதப் பாக்கி. மறுநாள் அம்மா அந்தப் புளியைக் கரைத்துத்தான் ரசம் வைத்தார். அக்காவுக்கு அடுத்த தையில் நல்ல இடம் அமைந்தது.

1992ல் ஆக்சல் புருங்கர் செய்தது என் மாமா செய்ததைத்தான். அளந்த புள்ளிகளில் நூற்றுக்கு ஐந்து, பத்து என எடுத்துத் தனியே ஒதுக்கி வை, மாதிரியைத் திருத்தும்போது அவற்றைத் தொடாதே, கடைசியில் அந்தப் புள்ளிகளிடம் போய்க் கேள் என்றார். அதுதான் ஆர்-ஃப்ரீ. மாதிரி கைகாட்டாத சாட்சி. ஆர் மதிப்புக்கும் ஆர்-ஃப்ரீக்கும் இடையே இடைவெளி அகன்றால் எங்கேயோ வளைத்திருக்கிறார்கள் என்று பொருள்.

இன்னொரு சாட்சி நம் ஊர்ச் சாட்சி. 1963ல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி. என். ராமச்சந்திரனும் ராமகிருஷ்ணனும் சசிசேகரனும் ஒரு கேள்வி கேட்டார்கள். புரதச் சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியும் இரண்டு இடத்தில் திரும்பலாம். அப்படித் திரும்பும்போது அணுவோடு அணு இடிக்காத கோணங்கள் எவை? கணக்குப் போட்டு ஒரு சதுரத்துக்குள் வரைந்தார்கள். பெரும்பகுதி இடம் காலி. அனுமதிக்கப்பட்ட தீவுகள் சிலதான். இன்று உலகில் எந்த ஆய்வகத்தில் புரத அமைப்பைத் தீர்த்தாலும் அந்தச் சதுரத்தில் புள்ளி வைத்துப் பார்க்காமல் வெளியிடுவதில்லை. கிளைசின் என்ற அமினோ அமிலம் மட்டும் விலக்கு, அதற்குப் பக்கச் சங்கிலி இல்லை என்பதால் தாராளமாகத் திரும்பும். அந்தப் பல்கலைக்கழகத்தின் வளாகம் இருக்கும் கிண்டி வழியாகப் பேருந்தில் போகும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நிமிரும்.

சரி, இத்தனை சாட்சிகள் இருந்தும் தவறு நடந்ததா? நடந்தது. 2001ல் அமெரிக்காவின் ஸ்கிரிப்ஸ் நிறுவனத்தில் ஜெஃப்ரி சாங் குழு எம்எஸ்பிஏ என்ற, செல்லின் சவ்வில் இருக்கும் புரதத்தின் அமைப்பை சயன்ஸ் இதழில் வெளியிட்டது. பெரிய பாராட்டு. 2006ல் சூரிக்கில் டாசனும் லோக்கரும் அதன் உறவுக்காரப் புரதம் ஒன்றைத் தீர்த்தார்கள். இரண்டும் ஒத்துப்போகவில்லை. தேடிப் பார்த்தால், சாங் குழு பயன்படுத்திய ஒரு சிறிய கணினி நிரலில் இரண்டு பத்தித் தரவுகள் இடம் மாறியிருந்தன. குறி மாறியது, கட்டம் மாறியது, புரதமே கண்ணாடியில் தெரிவது போலத் திரும்பிவிட்டது. 4.5 ஆங்ஸ்ட்ராம் என்ற மங்கலான தெளிவில் சுருள் வலமா இடமா என்று கண்ணுக்குத் தெரியாது. ஐந்து கட்டுரைகள் திரும்பப் பெறப்பட்டன. சாங் அதை மறைக்காமல் தானே எழுதினார். அந்த நேர்மையை நான் வணங்குகிறேன். கண்ணால் காண்பதும் பொய்.

அது கைத்தவறு. அதே 2006ல் நேச்சரில் வந்த சி3பி என்ற நோயெதிர்ப்புப் புரத அமைப்பின் கதை வேறு. மறு வருஷமே வேறு ஆய்வாளர்கள் அதன் தரவை இறக்கிப் பார்த்து அதே இதழில் எழுதினார்கள். படிகத்துக்குள் ஒரு திசையில் அடுக்குகள் ஒன்றையொன்று தொடவே இல்லை. செங்கல் மேல் செங்கல் படாமல் அந்தரத்தில் நிற்கும் சுவர் உண்டா? 2009ல் பர்மிங்ஹாமில் உள்ள அலபாமா பல்கலைக்கழகம் விசாரித்து, அதுவும் அதே கையிலிருந்து வந்த வேறு பல அமைப்புகளும் புனைந்தவை என்று அறிவித்தது. கட்டுரை விலக்கப்பட்டது 2016ல். கவனியுங்கள், புரத அமைப்புகளைச் சேர்த்து வைக்கும் பொதுத் தரவு வங்கியில் அளந்த புள்ளிகளின் தரவு கிடந்ததால்தான் பிடிக்க முடிந்தது. அந்தத் தரவைக் கட்டாயம் செலுத்த வேண்டும் என்ற விதியே 2008ல்தான் வந்தது.

இங்கேதான் என் வேண்டுகோள். கட்டுரையை அச்சுக்கு முன் படிக்கும் மதிப்பாய்வாளர் கையில் ஒவ்வோர் அணுவும் இருக்கும் இடத்தைச் சொல்லும் ஆயங்களும் புள்ளித் தரவும் இருக்க வேண்டும். பல இதழ்கள் இப்போது சரிபார்ப்பு அறிக்கையைக் கேட்கின்றன, நல்லது. ஆனால் அறிக்கை என்பது ஜாதகம். நான் பார்க்க விரும்புவது மளிகைக் கடை நோட்டை. என் நண்பர் ஒருவர் மதிப்பாய்வுக்கு வந்த கட்டுரைக்குத் தரவு கேட்டார். படங்களை வைத்துக் கருத்துச் சொன்னால் போதும் என்று பதில் வந்தது. அவர் அந்தக் கட்டுரையைத் திருப்பி அனுப்பிவிட்டார். நானும் அதையே செய்திருப்பேன்.

கிரையோ நுண்ணோக்கி பற்றிப் பேச நேரம் இல்லை. மாணவர்களிடம் வருகிறேன். 1971ல் ஏழு அமைப்புகளோடு தொடங்கிய புரதத் தரவு வங்கியில் இன்று இரண்டு லட்சத்துக்கும் மேல் இருக்கின்றன. எல்லாம் இலவசம். பார்க்க உதவும் கூட் என்ற மென்பொருளும் இலவசம். நான்கு எழுத்துக் குறியீட்டைத் தட்டினால் கொசுவலை போல நீல வலை விரியும், உள்ளே சங்கிலி தெரியும். சிவப்பு வலை தெரிந்தால் இல்லாத இடத்தில் அணுவை வைத்திருக்கலாம். பச்சை தெரிந்தால் இருக்கும் அணுவை விட்டிருக்கலாம். மருந்து மூலக்கூறு ஒட்டியிருப்பதாகச் சொல்லும் இடத்தில் வலையே இல்லாத அமைப்புகளும் உண்டு. முதுகலை மாணவர் ஒவ்வொருவரும் ஓர் அமைப்பை எடுத்து ஒரு பருவம் முழுக்க விசாரிக்கட்டும், அதையே செயல்திட்டமாக ஏற்றுக்கொள்ளுங்கள் என்று கல்லூரி கல்லூரியாகப் போய்க் கேட்டுக்கொண்டிருக்கிறேன். இது உங்கள் கல்லூரியின் முறை. முதல்வர் அம்மா, பாடத்திட்டக் குழுவில் இதை வைக்கும்படி பணிந்து கேட்கிறேன்.

தேநீர் முடிந்ததும் ஆய்வகத்துக்கு வாருங்கள். பன்னிரண்டு கணினிகளில் மென்பொருளை ஏற்றி வைத்திருக்கிறேன். முதலில் திறக்கப் போவது சூரிக்கில் தீர்த்த அந்தப் புரதத்தை. அதன் குறியீடு 2எச்ஒய்டி.