கோல்டு வாங்கியும் கடன்: பேர் வராத கிளாம் மெட்டல் பேண்டோட வாழ்க்கை (சந்தேகங்களுக்கு விளக்கம்)

அடுத்த கேள்வி. "எண்பதுகள்ல லாஸ் ஏஞ்சல்ஸ்ல இருந்து வந்த கிளாம் மெட்டல் பேண்டுகள்ல நாலஞ்சு பேர்தான் எல்லாருக்கும் தெரியுது. ஒண்ணு ரெண்டு நல்ல ஆல்பம் போட்டுட்டுக் காணாமப் போனவங்க எத்தனையோ. அவங்க பிழைப்பு எப்படி ஓடுச்சு? 5 லட்சம் காப்பி வித்தும் கையில காசு இல்லைன்னு சொல்றாங்களே, அது எப்படிச் சாத்தியம்?"

கிளாம் மெட்டல்னா, மேக்கப்பும் ஊதின முடியுமா மேடை ஏறற ஹெவி மெட்டல் ராக். ரெண்டு கேள்வியும் ஒண்ணோட ஒண்ணு பின்னினது. காசு சமாச்சாரத்துக்குத்தான் நேரம் அதிகம் ஆகும், அதைப் பின்னாடி வெச்சுக்கறேன்.

1983 நவம்பர்ல குவயட் ரயட்ங்கற பேண்டோட 'மெட்டல் ஹெல்த்' ஆல்பம், அமெரிக்காவோட பில்போர்ட் ஆல்பம் பட்டியல்ல முதல் இடத்துக்குப் போச்சு. ஹெவி மெட்டல் ஆல்பம் ஒண்ணு அந்த இடத்தைப் பிடிச்சது அதுதான் முதல் தடவை. அதுவரைக்கும் இந்தப் பசங்களைத் திரும்பிக்கூடப் பார்க்காத லேபிள்காரங்க, அதாவது ரெக்கார்ட் கம்பெனிக்காரங்க, அப்புறம் லாஸ் ஏஞ்சல்ஸ்ல கிளப்புகள் வரிசையா இருக்கற சன்செட் ஸ்ட்ரிப் தெருவே கதின்னு கிடந்தாங்க. வெளியூர் பேண்டுகளும் மூட்டை முடிச்சோட வந்து இறங்கினாங்க. பாய்சன்கூட பென்சில்வேனியால இருந்து வந்தவங்கதான். ஆனா வாசிக்க இடம்? விஸ்கி எ கோ கோ, ராக்ஸி, கஸாரிஸ், கொஞ்சம் தள்ளி ட்ரூபடோர். விரல் விட்டு எண்ணிடலாம். பேண்டுகளோ நூத்துக்கணக்குல.

இடம் கம்மி, ஆள் அதிகம்னா என்ன ஆகும்? வாசிக்கிறவனே காசு கட்டணும். 'பே டு ப்ளே'ன்னு அதுக்குப் பேரே உண்டு. கணக்குக்கு 100 டிக்கெட், ஒண்ணு 8 டாலர்னு வெச்சுக்கோங்க. 800 டாலரை பேண்ட் முன்கூட்டியே கட்டிட்டு டிக்கெட்டை வாங்கிக்கணும். 60 வித்தா 320 டாலர் கைநஷ்டம். அதனாலதான் ஒவ்வொரு ராத்திரியும் தெருவுல நின்னு ஃப்ளையர், அதாவது துண்டு நோட்டீஸ், கொடுத்தாங்க. கம்பத்துல ஸ்டேப்பிள் அடிச்சா ரெண்டு மணி நேரத்துல அடுத்த பேண்ட் அது மேலயே ஒட்டிடும். கையில கொடுத்து, ரெண்டு வார்த்தை பேசினாத்தான் டிக்கெட் நகரும். மேக்கப்போட தெருவுல திரிஞ்சது இதுக்காகத்தான். பந்தான்னு நினைச்சுடாதீங்க, அது விளம்பரப் பலகை.

இதுல இன்னொரு கேடு இருக்கு. ஒவ்வொரு பேண்டும் அதது கூட்டத்தை அதது கூட்டிட்டு வருது. அந்தப் பேண்ட் முடிச்சதும் அந்தக் கூட்டம் கிளம்பிடும். புதுசா ஒரு ரசிகர்கூடச் சேரமாட்டார். ஒரே 60 பேருக்கு ரெண்டு வருஷம் வாசிச்ச பேண்டுகள் இருந்திருக்கு.

முடி பத்தி நிறைய பேர் கேக்கறீங்க. சொல்லிடறேன், இது விளையாட்டு இல்ல, அரை மணி நேர வேலை. ஈர முடியில மூஸ்ங்கற நுரையைத் தடவி, தலையைக் குனிஞ்சு தொங்கவிட்டு, வேர்ல இருந்து டிரையர்ல காயவைக்கணும். அப்புறம் உச்சந்தலையில இருந்து சின்னச் சின்னக் கற்றையா எடுத்து, நுனியைப் பிடிச்சுக்கிட்டு சீப்பை வேர்ப்பக்கமா மூணு நாலு தடவை தள்ளணும். அடியில முடி பந்து மாதிரி சேரும், அதுதான் அஸ்திவாரம். அந்தப் பந்துல ஸ்ப்ரே அடிச்சு, டிரையர் சூட்டை ஒரு அஞ்சு நொடி காட்டி, அடுத்த கற்றைக்குப் போகணும். மேல்பூச்சு முடியை மட்டும் லேசா சீவி மூடிட்டு, ஒரு முழம் தள்ளி நின்னு கடைசி ஸ்ப்ரே.

எங்க சரியும்? வேர்ல. மேடை விளக்கு ஒவ்வொண்ணும் 1000 வாட், அப்படி 60 விளக்குன்னா தலைக்கு மேல 60 கிலோவாட் சூடு. வேர்வை முதல்ல மண்டையில ஊறும், ஸ்ப்ரே பசை தண்ணில இளகும், மூணாவது பாட்டுக்குள்ள கோபுரம் ஒரு பக்கமா சாயும். நெத்தியில கைக்குட்டை கட்டினது வேர்வை கண்ணுக்கும் மேக்கப்புக்கும் இறங்காம இருக்கத்தான். ஸ்ப்ரே அடிச்ச கையோட கிட்டாரைத் தொடக்கூடாது, நெக் முழுக்கப் பிசுபிசுன்னு ஆகி விரல் வழுக்காது. கழட்டறப்போ முதல்ல கண்டிஷனரை ஊறவிட்டு, நுனியில இருந்து மேல சீவிட்டு வரணும். வேர்ல இருந்து இழுத்தா கொத்தாக் கையோட வரும்.

அதைவிட முக்கியம், அந்த டப்பா எரியும். 1978-லயே அமெரிக்கால ஸ்ப்ரே டப்பாக்கள்ல சிஎஃப்சி வாயுவைத் தடை பண்ணிட்டாங்க. அதுக்குப் பதிலா வந்தது பியூட்டேன், புரொப்பேன். உள்ள கரைசலா இருக்கிறது ஆல்கஹால். ஜன்னல் இல்லாத மேக்கப் அறையில நாலு பேர் சேர்ந்து அடிச்சுட்டு ஒருத்தர் சிகரெட் பத்தவெச்சா என்ன ஆகும்னு யோசிச்சுக்கோங்க. மேடை வாணத்துக்கும் இதே எச்சரிக்கை, இன்னும் கடுமையா. 2003 பிப்ரவரி 20, ரோட் ஐலண்ட் மாநிலத்துல தி ஸ்டேஷன்ங்கற சின்ன கிளப்ல, ஜாக் ரஸ்ஸலோட கிரேட் வொயிட் பேண்ட் வாசிச்சப்போ விட்ட பொறிவாணம் சுவத்துல ஒட்டியிருந்த நுரைப் பஞ்சுல பிடிச்சது. 100 பேர் செத்துப் போனாங்க. பெரிய அரங்கத்துக்குன்னு செஞ்ச வித்தையைத் தாழ்வான கூரைக்குக் கீழ செய்யவே கூடாது.

ஸ்பேண்டெக்ஸ், அதாவது உடம்போட ஒட்டற இழுவைத்துணி பேண்ட், அதைப் பத்தி ரெண்டே வரி. பாக்கெட் கிடையாது, அதனால கிட்டார் மீட்டற பிக் எல்லாம் மைக் ஸ்டாண்டுல சொருகி இருக்கும். தையல் பிரியறது எப்பவும் காலைத் தூக்கி உதைக்கிறப்போதான், அதனால ஊக்கும் கறுப்பு டேப்பும் கைக்கெட்டற தூரத்துல இருக்கணும்.

இப்ப கிட்டார். அந்த விமானம் விழற மாதிரி சத்தம் எல்லாம் ஃப்ளாய்ட் ரோஸ் பிரிட்ஜ்ல வர்றது, அதாவது கம்பிகளைக் கீழ்முனையில பிடிச்சிருக்கற, ஒரு கைப்பிடியால அசைக்கக்கூடிய பாகத்துல. அது ஒரு தராசு. ஒரு தட்டுல 6 கம்பியோட இழுவை, இன்னொரு தட்டுல உடம்புக்குப் பின்னாடி இருக்கற ஸ்பிரிங். ஒரு கம்பி அறுந்தா கம்பிப் பக்கம் எடை குறையுது, ஸ்பிரிங் ஜெயிச்சு பிரிட்ஜைப் பின்னாடி சாய்க்குது, மிச்சம் 5 கம்பியும் ஸ்ருதி ஏறிடும். ஒரு கம்பிதான் போச்சுன்னு சமாளிக்கவே முடியாது, மொத்த கிட்டாரும் போச்சு. மாத்தறதும் லேசு இல்ல. 3 மில்லிமீட்டர் ஆலன் சாவியால கழுத்து முனையில இருக்கற நட் பூட்டைத் திறந்து, புதுக் கம்பியோட குண்டு முனையை வெட்டி, பிரிட்ஜ்ல கம்பி உக்கார்ற சேடில்ல இறுக்கி, நல்லா இழுத்துத் தளர்த்தி, ஸ்ருதி சேர்த்து, மறுபடி பூட்டணும். இழுத்துவிடாமப் பூட்டினா அடுத்த பாட்டுலயே இறங்கும். மேடையில உங்க நேரமே 30 நிமிஷம். இதுல 5 நிமிஷம் எங்க கிடைக்கும்?

காசு உள்ளவன் ரெண்டாவது கிட்டார் வெச்சிருப்பான். இல்லாதவன் பின்பக்கக் குழியில, பிரிட்ஜோட அடிக்கட்டைக்கும் ஸ்பிரிங் பக்கத்துச் சுவருக்கும் நடுவுல, கச்சிதமா ஒரு மரத்துண்டைச் செருகிடுவான். அப்புறம் பிரிட்ஜ் கீழ மட்டும்தான் போகும், மேல இழுக்க முடியாது. ஆனா கம்பி அறுந்தாலும் மத்ததெல்லாம் நின்ன இடத்துல நிக்கும். கிளப்ல வாசிக்கிற பேண்டுக்கு நான் இதைத்தான் சொல்லுவேன். மேல இழுக்கற வித்தை இல்லைன்னு எந்த ரசிகரும் கேக்கப் போறதில்ல. கிட்டாரைச் சுத்தி வீசறவங்க தோள்பட்டை வாரைக் கழலாமப் பிடிக்கற ஸ்ட்ராப் லாக் போடாம வீசாதீங்க, அதுவும் சொல்லிடறேன்.

நிறைய பேண்ட் அரை ஸ்வரம் இறக்கி, ஈ ஃப்ளாட்ல வாசிச்சதுக்குப் பாடகர் தொண்டைதான் காரணம். ஸ்டுடியோல கோரஸை நாலு பேர் நாலு தடவை பாடி அடுக்கடுக்கா ஏத்திடுவாங்க, 16 குரல் கேக்கும். மேடையில இருக்கறது மூணு குரல். ஆல்பம் கேட்டுட்டு வந்தவனுக்கு ஏமாத்தமா இருக்கும். உச்ச ஸ்வரப் பாட்டை முதல்ல வைக்கறதும் தப்பு, கடைசியில வைக்கறதும் தப்பு. நாலாவதா வைங்க. தொண்டை சூடேறியிருக்கும், களைச்சிருக்காது.

சரி, லேபிள் கையெழுத்து ஆயிடுச்சு. இங்கதான் கேள்வியோட ரெண்டாவது பாதி வருது. காகிதம் பேனா எடுத்துக்கோங்க.

அட்வான்ஸ்னு கொடுக்கறது சம்பளம் இல்ல. உங்க ராயல்டியில இருந்து, அதாவது விக்கற ஒவ்வொரு காப்பிக்கும் உங்களுக்கு வர்ற பங்குல இருந்து, திருப்பி எடுத்துக்கப் போற கடன். உதாரணத்துக்கு ஒரு நடுத்தர ஒப்பந்தத்தை எடுத்துக்குவோம். ரெக்கார்டிங் 1,50,000 டாலர். ரெண்டு வீடியோ 80,000, அதுல பாதி உங்க கணக்குல, 40,000. பெரிய பேண்டுக்கு முன்னாடி வாசிக்கிற டூருக்கு லேபிள் கொடுத்த உதவி 1,00,000, அது முழுசும் உங்க தலையில. மொத்தக் கடன் 2,90,000.

இப்ப வரவு. கேசட் விலை 8.98 டாலர். பேக்கேஜிங்னு 20 சதவீதம் கழிச்சா 7.18. ராயல்டி 12 சதவீதம், அதுல 3 தயாரிப்பாளருக்கு, உங்களுக்கு 9. அதாவது 64.6 சென்ட். அதையும் விக்கற எல்லா காப்பிக்கும் தரமாட்டாங்க, இலவசமா அனுப்பினதுன்னு 15 சதவீதம் கழிப்பாங்க. மிச்சம் ஏறக்குறைய 55 சென்ட். 2,90,000-ஐ இதால வகுத்தா 5,28,000 காப்பி. அமெரிக்கால கோல்டு விருது கொடுக்கறது 5 லட்சம் காப்பிக்கு. அப்ப கோல்டு வாங்கி சுவத்துல மாட்டின அன்னிக்கும் நீங்க லேபிளுக்குக் கடன்காரன். இது மோசடி இல்ல, எல்லாம் நீங்க கையெழுத்துப் போட்ட தாள்ல இருக்கு. ரெண்டாவது ஆல்பத்தோட செலவும் இதே கணக்குல ஏறும், அதுதான் கொடுமை.

இந்தக் கணக்குல சேராத ஒரே வரவு பாட்டு எழுதினவருக்கு. 1988-ல சட்டப்படி ஒரு பாட்டுக்கு, ஒரு காப்பிக்கு, 5.25 சென்ட். ஒப்பந்தத்துல பெரும்பாலும் முக்கால் பங்குதான்னு எழுதி, 10 பாட்டுக்கு மேல கிடையாதுன்னும் போட்டுடுவாங்க. அப்படிப் பார்த்தாலும் ஆல்பத்துக்கு 39 சென்ட்டுக்கு மேல. 5 லட்சம் காப்பிக்கு 1,96,000 டாலருக்கு மேல, வழக்கமா அந்தக் கடன்ல பிடிக்காம, பப்ளிஷரும் எழுதினவரும் பங்கு போட்டுக்கறது. ஒரே வேன்ல தூங்கற அஞ்சு பேர்ல ஒருத்தர் மட்டும் வீடு வாங்கறார், மத்த நாலு பேர் வாடகைக்கு அலையறாங்க. பேண்ட் உடைஞ்சதுக்குக் குடி, பொண்ணு, ஈகோன்னு என்னென்னமோ சொல்லுவாங்க. முதல்ல ஆல்பத்தோட பின்னட்டையில அடைப்புக்குள்ள யார் பேர் இருக்குன்னு பாருங்க.

கிக்ஸ்ங்கற பேண்ட் ஒரு நல்ல உதாரணம். மேரிலாண்ட் மாநிலம் ஹேகர்ஸ்டவுன். சன்செட் ஸ்ட்ரிப் ஆளுங்களே இல்ல. 1981-ல முதல் ஆல்பம். பெரிய வெற்றி வந்தது 1988-ல நாலாவது ஆல்பம் 'ப்ளோ மை ஃப்யூஸ்'ல. அதுல இருந்த மெதுவான பாட்டு 'டோன்ட் க்ளோஸ் யுவர் ஐஸ்' 1989-ல பில்போர்ட் பாட்டுப் பட்டியல்ல 11-ஆவது இடம் வரைக்கும் போச்சு. முதல் ஆல்பத்துல இருந்து அந்த இடத்துக்கு 8 வருஷம்! பாட்டுகள்ல பெரும்பாலானதை எழுதினவர் பேஸ் வாசிச்ச டானி பர்னெல். பின்னாடி பேண்ட் மறுபடி கூடினப்போ அவர் அதுல இல்ல. என் கணக்குல அந்தக் காலத்து இறுக்கமான ரிதம் வாசிப்புல கிக்ஸை மிஞ்ச ஆள் குறைவு.

அந்த 8 வருஷ அவகாசம் எல்லாருக்கும் கிடைக்கலை. 1989, 90-ல முதல் ஆல்பம் போட்டவங்க நிலைமையைப் பாருங்க. 1991 செப்டம்பர்ல, மேக்கப் இல்லாம ஃப்ளானல் சட்டையோட வந்த நிர்வானா பேண்டோட 'நெவர்மைண்ட்' ஆல்பம், அடுத்த ஜனவரியில அது முதல் இடம். ரெண்டாவது ஆல்பம் ரெடியா இருந்தும் லேபிள் வெளியிடலை, வெளியிட்டாலும் வீடியோவுக்குக் காசு கொடுக்கலை. அதைவிட அதிகமா நடந்தது, பேண்டைப் பிடிச்சுக் கையெழுத்து வாங்கின அதிகாரி வேலையை விட்டுப் போறது. அடுத்து வர்ற ஆளுக்கு நீங்க யாரோ பெத்த பிள்ளை. விவரமான வக்கீல் 'கீ மேன்'னு ஒரு விதி சேர்ப்பார், அந்த ஆள் போனா நாமளும் போகலாம்னு. சேர்க்காதவங்க ரெண்டு வருஷம் கட்டுண்டு கிடந்தாங்க, அதுக்குள்ள ஊரே ஃப்ளானல் சட்டைக்கு மாறிடுச்சு.

இன்னிக்கு அவங்களுக்கு என்ன வருது? சேட்டிலைட் ரேடியோல ஹேர் நேஷன்னு ஒரு சேனலே ஓடுது. அந்த மாதிரி டிஜிட்டல் ஒலிபரப்புக்கு அமெரிக்கால சவுண்ட்எக்ஸ்சேஞ்ச்னு ஒரு அமைப்பு வசூலிக்குது. 50 சதவீதம் ரெக்கார்டிங் உரிமையாளருக்கு, 45 பேண்டுக்கு, 5 பின்னணிக் கலைஞர்களுக்கு. அந்த 45 நேரா கலைஞர் கையில போகுது, பழைய கடன்ல பிடிக்க முடியாது. ஆனா ஒவ்வொரு உறுப்பினரும் தனித்தனியாப் பதிவு பண்ணணும். பாடகர் பண்ணிட்டார், நமக்கும் வரும்னு டிரம்மர் உக்காந்திருந்தா வராது. சாதாரண ரேடியோ மட்டும் அமெரிக்கால வாசிச்சவங்களுக்கு ஒரு சென்ட்டும் தராது, எழுதினவங்களுக்கு மட்டும்தான்.

இன்னொண்ணு, பலர் கவனிக்காதது. அமெரிக்கப் பதிப்புரிமைச் சட்டம் 203-ஆவது பிரிவுப்படி, 1978-க்கு அப்புறம் எழுதிக் கொடுத்த உரிமையைப் பொதுவா 35 வருஷம் கழிச்சுத் திரும்பக் கேக்கலாம், அமெரிக்காவுக்குள்ள மட்டும்னுதான் வழக்கமா சொல்லுவாங்க. பாட்டு விஷயத்துல இது ஓரளவு சுலபம். ரெக்கார்டிங் விஷயத்துல, நீங்க கூலிக்குச் செஞ்ச வேலைதானேன்னு லேபிள் சண்டைக்கு வரும். ரெண்டு மூணு பேர் சேர்ந்து எழுதி, சேர்ந்து கையெழுத்துப் போட்டிருந்தா பெரும்பான்மை ஒத்துக்கணும், முகம் பார்த்துப் பேசாத பேண்டுகளுக்கு இதுதான் பெரிய தலைவலி. தானா எதுவும் திரும்பாது, நோட்டீஸ் கொடுக்கணும், குறைஞ்சது 2 வருஷம் முன்னாடி. 35 வருஷத்துக்கு அப்புறம் 5 வருஷம்தான் அவகாசம். அதாவது 1989-ல கையெழுத்துப் போட்டவங்களுக்கு 2024-ல ஆரம்பிச்சது, 2029-ல முடியும். கடைசி நோட்டீஸ் 2027-க்குள்ள போயாகணும்.