100 பிள்ளைகள் வெந்த வகுப்பறை, அதிலிருந்து வந்த பிரிட்ஸ்கர் விருது

(திரையில்: மூடிய ஜன்னல், வியர்த்த முகங்கள்)

ஒரு வகுப்பறை. சிமென்ட் கல் சுவர். வெளிச்சம் குறைவு, காற்று வர வழியில்லை. உள்ளே 100 பிள்ளைகளுக்கு மேல். அந்த வெக்கையில் உட்கார்ந்திருந்த ஒரு பையன், ஒரு நாள் இதைவிட நல்ல பள்ளிக்கூடம் கட்டுவேன் என்று மனதில் போட்டு வைத்தான். 2022இல் கட்டடக் கலையின் மிகப் பெரிய விருதான பிரிட்ஸ்கர் அவர் கைக்கு வந்தது. ஆப்பிரிக்காவில் பிறந்து வளர்ந்து அதை வாங்கிய முதல் ஆள். பெயர் பிரான்சிஸ் கெரே.

வணக்கம் மக்களே! "பிள்ளை நல்லா படம் வரையுது, ஆர்க்கிடெக்ட் ஆக்கிடலாம்" என்று சொல்லும் வீடுகள் நம்மிடம் நிறைய. வரையத் தெரிவது நல்லதுதான். ஆனால் என் கட்சி வேறு. பள்ளியில் உட்கார்ந்திருந்த வருஷங்களில் அந்தப் பிள்ளையின் உடம்பு எதைக் கவனித்தது? எனக்கு அதுதான் பெரிது. நேட்டா என்ற கட்டடக் கலை நுழைவுத் தேர்வு, கணக்கு, இயற்பியல், ஐந்து வருட பி.ஆர்க் பற்றியெல்லாம் சொல்ல நிறைய பேர் இருக்கிறார்கள். நாம் கெரேயிடம் போவோம்.

1965இல், மேற்கு ஆப்பிரிக்க நாடான புர்கினா ஃபாஸோவின் காண்டோ கிராமத்தில் பிறந்தார். ஊரில் பள்ளிக்கூடமே கிடையாது. 7 வயதில் தென்கோடோகோ நகரத்துக்கு அனுப்பினார்கள். நான் முதலில் சொன்ன வகுப்பறை அங்கேதான் இருந்தது.

விடுமுறைக்கு வந்துவிட்டுத் திரும்பும்போதெல்லாம் ஊர்ப் பெண்கள் ஒவ்வொருவராக வந்து, துணியில் முடிந்து வைத்திருந்த கடைசிக் காசை எடுத்துக் கையில் வைப்பார்களாம். ஏன் இப்படித் தருகிறார்கள் என்று அம்மாவிடம் கேட்டிருக்கிறார். நீ படித்துவிட்டு வந்து ஊருக்கு ஏதாவது செய்வாய் என்ற நம்பிக்கைதான் என்றாராம் அம்மா. இதைக் கெரே மேடையில் சொல்லிக் கேட்டபோது எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது.

அப்புறம் 1985இல் தச்சு வேலை பழக உதவித்தொகையில் ஜெர்மனி, இரவுப் பள்ளி, பெர்லினில் கட்டடக் கலைப் படிப்பு.

படிப்பு முடியும்வரை அவர் காத்திருக்கவில்லை. காபிக்கும் சிகரெட்டுக்கும் செலவழிப்பதைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டு என் ஊர்ப் பள்ளிக்குக் கொடுங்கள் என்று கூடப் படித்தவர்களிடம் கேட்டார். இரண்டே வருஷத்தில் 50,000 டாலர் சேர்ந்தது! 2001இல் காண்டோவில் பள்ளி எழுந்தது.

சரி, இப்போது நான் ஆசையாகக் காத்திருந்த இடம். கூரை!

(திரையில்: பள்ளியின் குறுக்குவெட்டுப் படம்)

சுவர், கொஞ்சம் சிமென்ட் கலந்து அழுத்திய மண் கல். மழையில் கரையும் மண்ணில் பள்ளியா என்று ஊரார் தயங்கினார்கள். மண்ணில் ஒரு வளைவை மாதிரிக்குக் கட்டி, ஊர் இளைஞர்களை அதன் மேல் ஏற்றிக் குதிக்கச் சொன்னார். உடையவில்லை. பிள்ளைகள் கல் சுமந்தார்கள், பெண்கள் தண்ணீர் கொண்டு வந்தார்கள்.

வகுப்புக்கு மேலே அதே மண் கல்லில் ஓர் உட்கூரை, கல்லுக்குக் கல் சந்து விட்டு. அதற்கும் மேலே, நன்றாகத் தூக்கி நிறுத்திய தகரக் கூரை. கிரேனெல்லாம் வராத ஊர் என்பதால், கான்கிரீட்டுக்குள் போடும் சாதாரணக் கம்பியை வெட்டி வெல்டிங் வைத்தே அந்தத் தகரத்தைத் தாங்கும் சட்டத்தைச் செய்தார்கள்.

வெயிலில் தகரம் கொதிக்கிறதா? கொதிக்கட்டும். இரண்டு கூரைக்கும் நடுவில் உள்ள காற்று சூடேறி வெளியே ஓடும். ஓடும்போது வகுப்பறையின் வெக்கையையும் சந்து வழியாக மேலே இழுத்துக்கொள்ளும். அந்த இடத்துக்கு ஜன்னல் வழியே புதுக் காற்று வரும். பழைய வீட்டு அடுப்படியின் புகைக்கூண்டு இதே விதியில்தான் வேலை செய்தது. கரண்ட் வேண்டாம், ஃபேன் வேண்டாம். வெளியே நீண்டு நிற்கும் கூரை விளிம்பு, மண் சுவரை மழையிலிருந்தும் காக்கிறது.

நான் படித்தது ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே. மதியக் கணக்குப் பாடத்தில் மணிக்கட்டு வியர்வை பட்டு நோட்டில் மை ஊறிவிடும். அந்த ஈரப் பக்கத்தை ஊதி ஊதிக் காய வைத்தவர்களுக்கு இந்தக் கூரையின் அருமை தெரியும்.

இந்தப் பள்ளிக்கு 2004இல் கட்டடக் கலைக்கான ஆகா கான் விருது கிடைத்தது. கெரே பட்டம் வாங்கியதும் அதே வருஷம்தான். 120 பிள்ளைகளோடு தொடங்கிய பள்ளி 700 பேருக்கு வளர்ந்தது.

பின்னால் வந்த நூலகத்தையும் சொல்லியே ஆக வேண்டும். ஊரில் கையால் செய்த மண் பானைகளை அறுத்து, கூரையில் வரிசையாக வைத்து, சுற்றிலும் கான்கிரீட் ஊற்றினார்கள். ஒவ்வொரு பானை வாயும் ஒரு வட்ட ஓட்டை. அதில் வெளிச்சம் இறங்கும், வெக்கை ஏறும். புத்தகத்தின் மேல் வட்ட வட்டமாக வெயில் விழும்.

உங்கள் வகுப்பில் எந்த இடத்துக்குப் போட்டி நடந்தது? ஜன்னல் ஓரமா, ஃபேனுக்குக் கீழேயா? ஏன் அந்த இடம்? கமென்ட்டில் எழுதுங்கள். பிளஸ் டூ படிக்கிற பிள்ளைகள் எழுதினால், அதைத்தான் முதலில் படிப்பேன்.