ஒரே இடத்தில் இரண்டு கணுக்கள்: சந்தாதாரர் தகவலைப் பகிர்வது எப்படி?

[காட்சி: ரயில் ஜன்னல் ஓரத்தில் ஒரு கைப்பேசி. திரையின் மூலையில் 4ஜி மறைந்து 3ஜி தோன்றுகிறது.]

ரயில் பயணத்தில் இதைப் பார்த்திருப்பீர்கள். ஊர் எல்லையைத் தாண்டியதும் 4ஜி போய் 3ஜி வந்து நிற்கும். அடுத்த ஊர் நெருங்கியதும் மறுபடி 4ஜி. நமக்கு மாறுவது ஓர் எண்தான். வலையமைப்புக்குள்ளோ, நம்மைக் கவனித்துக்கொள்ளும் பொறுப்பே கைமாறுகிறது.

4ஜியில் அந்தப் பொறுப்பு எம்எம்இ என்ற கணுவிடம், அதாவது வலையமைப்பின் ஒரு கருவியிடம், இருக்கிறது. 2ஜி, 3ஜி டேட்டாவுக்கு எஸ்ஜிஎஸ்என். நாம் யார், நமக்கு என்னென்ன சேவை உண்டு என்பது இரண்டுக்கும் முன்கூட்டியே தெரியாது. அதைத் தெரிந்து வைத்திருப்பது எச்எஸ்எஸ் என்னும் தாய்ப் பதிவேடு. நம் சிம்மின் அடையாளமான ஐஎம்எஸ்ஐ எண், ஏபிஎன் என்ற எந்த நுழைவாயில் வழியாக இணையத்துக்குப் போகலாம், அதிகபட்ச வேகம் எவ்வளவு, ரோமிங் உண்டா இல்லையா எல்லாம் அங்கேதான் இருக்கின்றன.

கைப்பேசி புதிதாக ஒரு கணுவின் எல்லைக்குள் வந்தால், அந்தக் கணு எச்எஸ்எஸ்ஸுக்கு யூஎல்ஆர் என்ற செய்தியை அனுப்பும். கணுக்கள் ஒன்றோடொன்று பேசப் பயன்படும் டயமீட்டர் நெறிமுறையில் அதன் கட்டளை எண் 316. "இந்தச் சந்தாதாரர் இப்போது என்னிடம் இருக்கிறார்" என்பதே அதன் பொருள். பதிலோடு சந்தா விவரம் முழுவதும் வந்து இறங்கும். எம்எம்இ ஒரு படி, அதாவது நகல், வாங்கி வைத்துக்கொள்ளும். எஸ்ஜிஎஸ்என் தனக்கென இன்னொரு படி வாங்கிக்கொள்ளும்.

[காட்சி: தனித்தனியாக நின்ற இரண்டு பெட்டிகள் ஒன்றாகச் சேர்கின்றன.]

எம்எம்இ, எஸ்ஜிஎஸ்என் இரண்டையும் ஒரே கணுவாக இணைத்து நிறுவும் வழக்கமும் உண்டு. அப்போது எழும் கேள்வி நியாயமானது: விவரம் ஏற்கெனவே உள்ளே இருக்கும்போது, அதையே மறுபடி கேட்டு வாங்குவானேன்? லட்சக்கணக்கான கைப்பேசிகள் இப்படி மாறிக்கொண்டே இருந்தால், எச்எஸ்எஸ் சொன்னதையே சொல்லி ஓய்ந்துபோகும்.

கைப்பேசி வலையமைப்புத் தரங்களை வகுக்கும் 3ஜிபிபி அமைப்பின் 29.272 என்ற விதிநூல் இதற்கு ஒரே ஒரு பிட்டில் விடை சொல்கிறது. அதைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்ப்போம்.

[காட்சி: திரை முழுவதும் கட்டங்களின் வரிசை. பூஜ்யத்திலிருந்து எண்ணிடப்பட்டுள்ளது.]

யூஎல்ஆர் செய்திக்குள் கொடிகளுக்கென, அதாவது ஆம்-இல்லை குறிகளுக்கென, 32 பிட் எண் ஒன்று இருக்கிறது. பூஜ்யத்திலிருந்து எண்ணினால், 1ஆம் பிட் "நான் எம்எம்இ பக்கத்திலிருந்து பேசுகிறேன்" என்கிறது. 5ஆம் பிட் "இது புதிய இணைப்பு" என்கிறது. கைப்பேசியை அணைத்துவிட்டு 4ஜியில் மறுபடி உயிர்ப்பித்தால், இவ்விரு பிட்டுகளின் மதிப்புகளான 2உம் 32உம் சேர்ந்து 34 என்று வரும். டயமீட்டர் பதிவுகளைப் படிப்பவர்களுக்குப் பழகிப்போன எண் இது.

அதே கைப்பேசி பிறகு 3ஜிக்கு நகர்கிறது. இப்போது பேசுவது இணைந்த கணுவின் எஸ்ஜிஎஸ்என் பாதி. எனவே 1ஆம் பிட் காலி. ஆனால் 2ஆம் பிட் எழுந்து நிற்கிறது: "விவரம் என்னிடம் இருக்கிறது, அனுப்ப வேண்டியதில்லை." அந்த பிட்டின் மதிப்பு 4. எச்எஸ்எஸ் புதிய இடத்தைக் குறித்துக்கொண்டு, சந்தா விவரம் இல்லாத சின்னப் பதிலோடு முடித்துக்கொள்ளலாம்.

முடித்துக்கொள்ளலாம் என்றுதான் சொன்னேன். இந்த ஏற்பாட்டின் உயிரே அந்த "லாம்" என்பதில்தான் இருக்கிறது.

ஒருவர் காலையில் 4ஜியில் பதிவாகிறார். மதியம் அவருடைய ரோமிங் அனுமதி நீக்கப்படுகிறது. வழக்கமாக எச்எஸ்எஸ் உடனே ஐடிஆர் என்ற செய்தியில், அதாவது கட்டளை எண் 319இல், மாற்றத்தைத் தெரிவித்துவிடும். அந்தச் செய்தி வழியில் தொலைந்துபோனால்? கணுவிடம் இருப்பது பழைய படி. பழையது என்று அதற்குத் தெரியாது. மாலையில் அவர் 3ஜிக்கு நகரும்போது, "விவரம் இருக்கிறது" என்று நல்லெண்ணத்தோடுதான் அது சொல்லும்.

இங்கே விதி ஐயத்துக்கு இடம் வைக்கவில்லை. அந்தக் கணு கடைசியாக வெற்றிகரமாகப் புதுப்பிக்கப்பட்ட பிறகு விவரம் மாறியிருந்தால், எச்எஸ்எஸ் 2ஆம் பிட்டைப் புறக்கணித்துப் புதிய விவரத்தை அனுப்பியே ஆக வேண்டும். மாற்றத்தை அனுப்பினேன் என்று குறித்துக்கொண்டால் போதாது, போய்ச் சேர்ந்ததா என்பதையும் எச்எஸ்எஸ் நினைவில் வைத்திருக்க வேண்டும். இணைந்த கணுவைச் சோதிப்பவர்கள் முதலில் தொட்டுப் பார்க்க வேண்டிய இடம் இதுதான் என்பது என் உறுதியான கருத்து. விவரம் அனுப்பும் எண்ணிக்கை குறைந்ததா என்று மட்டும் பார்த்துவிட்டு நகர்ந்துவிடக் கூடாது.

இன்னொன்று. உள்ளே ஒரே படி இருந்தாலும், எச்எஸ்எஸ் எம்எம்இ பதிவையும் எஸ்ஜிஎஸ்என் பதிவையும் தனித்தனியாகவே வைத்திருக்கும். ஆகவே பதிவை ரத்துசெய்யும் செய்தி இணைந்த கணுவுக்கு வரும்போது, எந்தப் பாதிக்கு என்பதைக் கொடி சொல்லும். நெடுநேரம் காணாமற்போன கைப்பேசியை நீக்கும்போதும், எந்தப் பாதியில் நீக்கினேன் என்று கணு சொல்லும். ஒரு பாதி விடைபெற்றதும் பொதுவான படியை அவசரமாக அழித்துவிட்டால், மறுபாதியில் டேட்டா ஓட்டிக்கொண்டிருப்பவரின் விவரமும் சேர்ந்து போய்விடும்.

[காட்சி: 4ஜி, 5ஜி கோபுரங்கள். பின்னால் ஒரே பதிவேடு.]

5ஜி வந்ததும் இணைப்பு தாய்ப் பதிவேட்டுப் பக்கமும் நிகழ்ந்தது. 4ஜியோடு கைகோத்து இயங்க, எச்எஸ்எஸ்ஸும் 5ஜியின் தாய்ப் பதிவேடான யூடிஎம்மும் ஒன்றாக நிற்கின்றன. அந்தக் கதையை அடுத்த வீடியோவில் பார்ப்போம்.