இரண்டு ஏக்கர் புல்லுக்கு இடம் தேடி

(நியூ இங்கிலாந்துப் பகுதித் தமிழ் நண்பர்களின் மாதக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லோருக்கும் வணக்கம்.

1922-இல் ஃபால் ரிவர் நகரில் சாம் மார்க் என்பவர் ஒரு கால்பந்து அணியைக் கையில் எடுத்தார். ஃபால் ரிவர் மாசசூசெட்ஸ் மாநிலத்து நெசவாலை ஊர். லங்காஷயரிலிருந்து வந்தவர்கள், ஸ்காட்லாந்திலிருந்து வந்தவர்கள், போர்ச்சுகலிலிருந்து வந்தவர்கள் என்று ஆலைத் தெரு முழுக்கக் கால்பந்துப் பைத்தியம் பிடித்த ஜனங்கள். ஆனால் ஆலைக்கு ஓய்வு ஞாயிற்றுக்கிழமைதான். அன்றைய மாசசூசெட்ஸ் சட்டமோ ஞாயிறன்று டிக்கெட் போட்டு ஆட்டம் நடத்தக் கூடாது என்றது. சாம் மார்க் சட்டத்தோடு மல்லுக்கு நிற்கவில்லை. ஊருக்குத் தெற்கே எல்லையைத் தாண்டினால் ரோட் ஐலண்ட். அங்கே அந்தத் தொல்லை இல்லை. டிவர்ட்டனில், மாநில எல்லையை ஒட்டி நிலம் பிடித்து, பதினைந்தாயிரம் பேர் கொள்ளும் மைதானத்தைக் கட்டினார். அணியின் பெயரில் ஃபால் ரிவர் இருந்தது, ஆட்டம் நடந்தது அடுத்த மாநிலத்தில். ஜனங்கள் திரளாக எல்லை தாண்டிப் போய்ப் பார்த்தார்கள்.

மைதானத்துக்கு இடம் தேடுவது என்றால் என்ன என்று என்னிடம் யார் கேட்டாலும் நான் முதலில் சொல்வது இந்தக் கதையைத்தான். பார்க்க வரப்போகிற மனிதனுக்கு எந்த நாள், எந்த நேரம் கையில் இருக்கிறது, அவன் எந்த வழியாக வருவான் என்று யோசித்துவிட்டு, அதற்கப்புறம் நிலத்தைப் பார்த்தவர் சாம் மார்க்.

இன்றைக்கு அமெரிக்காவில் ஒரு சின்ன நகரம் இரண்டாம் நிலைக் கால்பந்து லீகில் அணி வைக்க ஆசைப்பட்டால், பணக்கார உரிமையாளர் கிடைப்பார், சின்னம் வரைய ஆள் கிடைப்பார், சீருடை ஒரே மாதத்தில் தயாராகிவிடும். இடம்தான் கிடைக்காது. அமெரிக்கக் கால்பந்துக் கூட்டமைப்பின் விதிப்படி இரண்டாம் நிலை அணிக்குக் குறைந்தது 5,000 இருக்கைகள் வேண்டும். மூன்றாம் நிலைக்கு 1,000 போதும். ஆடுகளம் குறைந்தது 110 கெஜ நீளம், 70 கெஜ அகலம். தாராளமாக 120-க்கு 75 என்று வைத்தாலும் புல்தரை இரண்டு ஏக்கருக்குச் சற்றுக் குறைவுதான். அந்த இரண்டு ஏக்கரைச் சுற்றித்தான் சிக்கல் எல்லாம். இருக்கைகள், உடை மாற்றும் அறைகள், ஆம்புலன்ஸ் வந்து திரும்ப வழி, கழிப்பறைகள், சரக்கு வண்டி நிற்க இடம். களம் கூடுமானவரை வடக்கு தெற்காக நீள வேண்டும். இல்லையென்றால் சாயங்கால ஆட்டத்தில் ஒரு பக்கத்துக் கோல்கீப்பர் சூரியனை நேருக்கு நேர் பார்த்துக்கொண்டு நிற்பார். சதுரமாகக் கிடக்கும் மனையில் இதை எப்படியோ பொருத்திவிடலாம். ஆற்றுக்கும் ரயில் பாதைக்கும் நடுவே வளைந்து கிடக்கும் மனையில் திண்டாட்டம்.

இருக்கிற பேஸ்பால் மைதானத்திலேயே ஆடினால் என்ன என்று பலர் கேட்பார்கள். ஆடலாம், ஆடியிருக்கிறார்கள். கென்டக்கி மாநிலத்து லூயிவில் சிட்டி அணி 2015 முதல் பேஸ்பால் மைதானத்தில்தான் ஆடியது. 2017-லும் 2018-லும் அங்கே இருந்தபடியே லீகின் கோப்பையை வென்றது. ஆனால் பேஸ்பால் மைதானத்தின் இருக்கைகள் எல்லாம் ஒரு மூலையை நோக்கித் திரும்பியிருக்கும். பந்து எறியும் மேடு, செம்மண் தரை, இவற்றை ஆட்டத்துக்கு ஆட்டம் மறைத்துப் புல் பரப்ப வேண்டும். லூயிவில் கடைசியில் புட்சர்டவுன் என்ற பழைய தொழிற்சாலைப் பகுதியில் தனக்கென்று மைதானம் கட்டிக்கொண்டு 2020-இல் குடிபோனது.

இப்போது நம் பக்கத்து ஊருக்கு வருகிறேன். பட்டக்கெட். ரோட் ஐலண்ட் மாநிலத்தில் ஸ்லேட்டர் ஆலை நிற்கும் ஊர். 1793-இல் எழுந்த ஆலை, அமெரிக்காவில் இயந்திரப் பஞ்சு நூற்பு வேரூன்றிய இடம். கால்பந்து அந்த ஊருக்குப் புதிதல்ல. ஜே அண்ட் பி கோட்ஸ் நூல் கம்பெனியின் தொழிலாளர் அணி 1922-23 பருவத்தில் அமெரிக்கக் கால்பந்து லீகையே வென்றிருக்கிறது. இன்றும் அந்த ஊரில் கேப் வெர்டே, கொலம்பியா, குவாதமாலா என்று பந்தை உயிராக நினைக்கும் குடும்பங்கள் நிறைய.

ஆனால் ஊரின் பெருமை என்று எல்லோரும் சொன்னது பேஸ்பால். 1942-இல் திறந்த மெக்காய் மைதானத்தில் 1981-இல் நடந்த ஓர் ஆட்டம், வழக்கமாக ஒன்பது இன்னிங்ஸில் முடிய வேண்டியது, 33 இன்னிங்ஸ் நீண்டது. தொழில்முறை பேஸ்பாலில் அதைவிட நீண்ட ஆட்டம் கிடையாது. மைதானம் பழசானது. அங்கே ஆடிய பேஸ்பால் அணியின் புதிய உரிமையாளர்கள் 2015-இல் மாநிலத் தலைநகர் பிராவிடன்ஸில் நெடுஞ்சாலை அகற்றப்பட்ட நிலத்தைக் கேட்டார்கள். மக்கள் எதிர்த்தார்கள், நடக்கவில்லை. பிறகு பட்டக்கெட்டிலேயே ஸ்லேட்டர் ஆலைக்கு அருகே ஓரிடம் பேசினார்கள். மாநிலத்தோடு பணம் பற்றிய பேச்சு இழுத்துக்கொண்டே போனது. 2018-இல் மாசசூசெட்ஸின் வூஸ்டர் நகரம் அவர்களை அழைத்துக்கொண்டது. ஒரு மைதானத்துக்கு இடம் முடிவாகாமல் ஓர் ஊர் தன் அணியையே இழந்தது. அந்த வலி ஆறுவதற்குள், 2019 டிசம்பரில், கால்பந்து மைதானத் திட்டத்தோடு வேறொரு குழு வந்தது.

அவர்கள் தேர்ந்தெடுத்த இடம் டைட்வாட்டர். சீகாங்க் ஆற்றின் மேற்குக் கரை. ஒருகாலத்தில் நிலக்கரியைச் சுட்டு எரிவாயு தயாரித்த ஆலை இருந்த நிலம். நிலத்தைச் சுத்தம் செய்யும் பொறியியல் துறையில் வேலை பார்ப்பவன் நான், ஆகவே இதைக் கொஞ்சம் நிறுத்திச் சொல்கிறேன். இப்படிப்பட்ட நிலங்களில் குழாயை இறக்கி மண் மாதிரி எடுத்தால், மேலே செங்கல் துண்டும் சாம்பலும் கலந்த மண் வரும். இன்னும் கீழே போனால் மண் கறுத்து, எண்ணெய்ப் பிசுக்கோடு மின்னும். குழாயைப் பிளந்த உடனே அந்துருண்டை வாசம் மூக்கில் ஏறும். அதுதான் நிலக்கரித் தார். சில இடங்களில் நீலம் பாய்ந்த மரச்சீவல்கள் கிடக்கும். வாயுவைச் சுத்திகரிக்கப் போட்டவை, சயனைடு ஏறி நீலமானவை. ஆலை மூடி அரை நூற்றாண்டு ஆனாலும் இவை மண்ணை விட்டுப் போவதில்லை. மழை பெய்தால் மெல்ல மெல்ல ஆற்றை நோக்கி நகரும்.

அந்த நிலத்தில் வீடு கட்ட வேண்டுமென்றால் விதிகள் மிகக் கடுமை. குழந்தை மண்ணில் விளையாடும், அம்மா காய்கறி போடுவாள் என்றெல்லாம் கணக்கிட்டுத்தான் அளவு வைப்பார்கள். மைதானத்துக்கு அது தேவையில்லை. அங்கே யாரும் குடியிருப்பதில்லை, தோட்டம் போடுவதில்லை. நஞ்சின் மேல் சுத்தமான மண்ணை நிரப்பி, மூடி போட்டு, அதற்கு மேல் புல் வைக்கலாம். வேறு யாரும் தொடத் துணியாத ஆற்றங்கரையை ஊருக்குத் திருப்பித் தரக் கால்பந்து ஒரு நல்ல சாக்கு. அதனால்தான் டைட்வாட்டர் சரியான இடம் என்று நான் உறுதியாக நம்புகிறேன். நெடுஞ்சாலைக்குப் பக்கத்தில் இருக்கிறது. நாற்பது ஆண்டுகளுக்கு மேல் ரயில் நிற்காமலிருந்த ஊரில் 2023 ஜனவரியில் பட்டக்கெட்-சென்ட்ரல் ஃபால்ஸ் ரயில் நிலையம் திறந்தது. பாஸ்டனிலிருந்து ரயிலேறி வந்து நடந்தே போய்விடலாம். ஊருக்கு வெளியே சோளக்காட்டில் கட்டியிருந்தால் செலவு குறைந்திருக்கும், உண்மைதான். கார் இல்லாத அந்தக் கேப் வெர்டே குடும்பம் எப்படி வரும்?

இடத்தில் குறை இல்லை. பணம் ஏற்பாடு செய்த விதத்தில்தான் எனக்குக் கோபம். செலவு ஏறிக்கொண்டே போய் 2022-இல் 124 மில்லியன் டாலர் என்று கணக்கு வந்தது. மைதானத்தைச் சுற்றி வீடுகளும் கடைகளும் எழுப்ப ஒதுக்கியிருந்த மாநிலப் பணத்தை மைதானத்துக்கு மாற்றலாமா என்று மாநில வணிகக் கழகத்தில் வாக்கெடுத்தார்கள். வாக்குகள் சரிபாதியாகப் பிரிந்தன. ஆளுநர் டான் மெக்கீ தன் வாக்கைப் போட்டுத்தான் நிறைவேறியது. 2024-இல் கடன் பத்திரங்கள் விற்கப்பட்டபோது, கட்டுமானத்துக்குக் கிடைத்தது சுமார் 27 மில்லியன். முப்பது ஆண்டுகளில் வட்டியோடு கட்ட வேண்டியது சுமார் 132 மில்லியன். வட்டி ஏறியிருந்த காலத்தில் போய்க் கடன் வாங்கினால் இதுதான் கதி.

மைதானம் முடியட்டும் என்று அந்தக் குழுவின் அணி காத்திருக்கவில்லை. ரோட் ஐலண்ட் எஃப்சி 2024-இல் ஸ்மித்ஃபீல்டில் உள்ள பிரையன்ட் பல்கலைக்கழக மைதானத்தில் இரவல் இடத்தில் ஆடியது. முதல் ஆண்டிலேயே இறுதியாட்டம் வரை போய், கொலராடோ ஸ்பிரிங்ஸில் 3-0 என்று தோற்றது. 2025 மே 3-இல் ஆற்றங்கரையில் 10,500 பேர் கொள்ளும் மைதானம் திறந்தது. சான் அன்டோனியோவுடன் ஆட்டம், கோல் எதுவும் விழவில்லை. விழாவிட்டால் என்ன, ஊர் நிரம்பி வழிந்தது.

ஆனால் ஒன்றை நினைவில் வையுங்கள். லீக் ஆட்டம் என்று பார்த்தால் சொந்த மண்ணில் ஆண்டுக்குப் பதினைந்து, பதினேழுதான். கோப்பை ஆட்டம், கச்சேரி, பள்ளிக்கூடப் போட்டி என்று சேர்த்தாலும் பெரும்பாலான நாள் அந்த இருக்கைகள் காலி. ஆகவே மைதானத்தை மட்டும் நம்பி அந்தக் கடனை யாரும் வாங்கவில்லை. சுற்றிலும் நூற்றுக்கணக்கான வீடுகள் வரும், கடைகள் வரும், அவற்றால் பெருகும் வரி மாநிலத்தின் சுமையைக் குறைக்கும் என்பதுதான் ஆரம்பத்தில் மக்களிடம் சொன்ன கணக்கு. திறப்பு விழா அன்று அந்த வீடுகளில் ஒன்றுகூட எழும்பியிருக்கவில்லை. மாநிலத்தில் வாடகை கொடுத்து மாளாமல் குடும்பங்கள் தவிக்கும் நேரத்தில் இது எனக்கு ஆறவே இல்லை. மைதானத்துக்கு முதல் தவணை விடுவிக்கும் முன்பே, வீடுகளுக்கு அடித்தளம் போடும் தேதியும், தவறினால் எவ்வளவு அபராதம் என்பதும் ஒப்பந்தத்தில் இருந்திருக்க வேண்டும். இனி இடம் தேடப் போகும் எந்த நகரமும் இதை முதலில் எழுதி வாங்கிக்கொள்ளட்டும்.

இங்கே உட்கார்ந்திருப்பவர்களில் சிலர் பட்டக்கெட்டிலும் சென்ட்ரல் ஃபால்ஸிலும் வரி கட்டுகிறவர்கள். நகர மன்றக் கூட்டம் எல்லோருக்கும் திறந்ததுதான். பெயரைக் கொடுத்துவிட்டு எழுந்து பேசலாம். அடுத்த கூட்டத்துக்குப் போங்கள். மைதானத்தைக் குறை சொல்லப் போக வேண்டாம், அது நல்ல மைதானம். பக்கத்து மனைகளில் வீட்டு வேலை எந்த மாதம் தொடங்கும், அதற்கு யார் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள் என்று மட்டும் கேளுங்கள். நானும் வருகிறேன்.