நேர்த்தி ஆண்டவருக்கு, துணை புனிதருக்கு
(மட்டக்களப்பில் பங்கு மக்கள் முன் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அன்பான பெரியோர்களே, தாய்மாரே, தம்பி தங்கையரே,

புனிதர்களின் மன்றாட்டுமாலை எங்கள் எல்லாருக்கும் மனப்பாடம். பாதித் தூக்கத்தில் கேட்டாலும் பிசகாமல் சொல்வோம். அதன் பதில்மொழி இடையில் மாறுவதைக் கவனித்திருக்கிறீர்களா? தந்தையை, மகனை, தூய ஆவியை அழைக்கும்போது "எங்கள்மேல் இரக்கமாயிரும்" என்கிறோம். மரியாவின் பெயர் வந்ததும் அது "எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்" என்று மாறுகிறது. கடைசிப் புனிதர் வரை அதே பதில்தான். முடிவில் இறைவனின் செம்மறியாகிய இயேசுவிடம் திரும்பியதும் மறுபடி இரக்கம் கேட்கிறோம். தருகிறவர் ஒருவர், எங்களோடு கூட நின்று கேட்கிறவர்கள் பலர். புனிதர் பக்தியைப் பற்றித் திருச்சபை சொல்வதெல்லாம் இந்த ஒரு மாற்றத்துக்குள் அடங்கும். பிழை வருகிற இடமும் இதுதான். தருகிறவர் யார், கேட்கிறவர் யார் என்பது மாறிப்போனால் பக்தி வியாபாரமாகிவிடும்.

சுருவத்துக்கும், அதாவது புனிதரின் சிலைக்கும், இதே கணக்கு. உருவத்துக்குச் செய்யும் மரியாதை அந்த உருவம் யாரைக் காட்டுகிறதோ அவரைச் சேரும் என்று 787ஆம் ஆண்டில் நீசேயாவில் இரண்டாம் முறையாகக் கூடிய பொதுச்சங்கம் தீர்த்துச் சொன்னது. அம்பாறைப் பக்கம் சொறிக்கல்முனைத் திருச்சிலுவை ஆலயத்தில் சிலுவையை முத்தி செய்கிறோமே, அந்த முத்தம் மரத்துக்கல்ல, அதில் தொங்கியவருக்கு. அந்தோனியார் சுருவத்தைத் தொட்டு நெற்றியில் வைப்பதும் அப்படித்தான். அவர் எங்கேயோ வாழ்ந்து, பசித்து, களைத்து, செத்த ஒரு மனிதர். அந்த மனிதரைத் தெரியாமல் சுருவத்தை மட்டும் தெரிந்து வைத்திருப்பது அரைப் பக்தி.

அந்தோனியாரையே எடுத்துக்கொள்வோம். லிஸ்பனில் 1195ஆம் ஆண்டளவில் பிறந்தவர், ஞானஸ்நானப் பெயர் பெர்னாந்து. 1231 ஜூன் 13, வெள்ளிக்கிழமை பதுவை நகருக்கு அருகே இறந்தார். பதுவையில் அடக்கம் நடந்தது ஜூன் 17, செவ்வாய்க்கிழமை. நாங்கள் செவ்வாய்க்கிழமை தோறும் அவரைத் தேடிப் போவது இதனால்தான். ஒரு வருடம் முடிவதற்குள், 1232 மே 30இல், பாப்பரசர் ஒன்பதாம் கிரகோரியார் அவரைப் புனிதராக அறிவித்தார்.

காணாமற்போன சங்கிலிக்கும் கைபேசிக்கும் அவரைக் கூப்பிடுகிறோம். கூப்பிடுங்கள், தவறில்லை. அவருடைய விவிலியச் சங்கீதப் புத்தகத்தை, துறவறப் பயிற்சியில் இருந்த ஒரு நவசந்நியாசி எடுத்துக்கொண்டு ஓடியதும், அவர் செபித்ததும், புத்தகம் திரும்பி வந்ததும் பழைய மரபுக் கதை. ஆனால் சாவதற்கு முந்தைய தவக்காலத்தில் அவர் பதுவையில் நாள்தோறும் பிரசங்கித்த பொருள்களில் ஒன்று வட்டிக்கொடுமை. கடனைக் கட்ட முடியாதவர்களைச் சிறையில் போட்ட காலம் அது. அந்த 1231 மார்ச் 15இல் பதுவை நகரசபை ஒரு சட்டம் போட்டது. தன்னிடம் உள்ளதை ஒப்படைத்துவிட்ட கடனாளியைச் சிறையில் வைக்கக்கூடாது என்பது அது. அந்தோனியாரின் வேண்டுகோளின்படி போட்டது என்று அந்தச் சட்டத்திலேயே எழுதியிருக்கிறது.

நுண்கடன் வாங்கி, ஒன்றை அடைக்க இன்னொன்று வாங்கி, வாராவாரம் வாசலுக்கு ஆள் வருமே என்று பயந்து கதவைச் சாத்திக்கொள்ளும் பெண்கள் எங்கள் ஊர்களில் இருக்கிறார்கள். அவர்களுக்கு அந்தோனியாரைவிட நெருங்கிய புனிதர் யார்? பயமில்லாமல் அவரிடம் வாருங்கள். திங்கட்கிழமை அயலவளிடம் மீட்டர் வட்டி அறவிட்டுவிட்டு, செவ்வாய்க்கிழமை அவர் காலடியில் மெழுகுதிரி கொளுத்துகிறவர் யாரிடம் போகிறோம் என்று யோசிக்கவேண்டும். கேட்டது கிடைக்கவில்லை என்று சுருவத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைப்பதையும் விட்டுவிடுங்கள். நண்பரை மிரட்டி யாரும் உதவி கேட்பதில்லை.

இனி நாள் எண்ணும் விடயம். நவநாள் என்றால் ஒன்பது நாள். ஆண்டவர் விண்ணேறிய பின் அன்னை மரியாவும் அப்போஸ்தலர்களும் தூய ஆவிக்காகக் காத்திருந்த நாட்களை மனதில் வைத்து வந்த வழக்கம் இது. திருநாளுக்கு முன் ஒன்பது நாள் முழுதாக முடியவேண்டும், திருநாள் பத்தாவது. அந்தோனியாருக்கு ஜூன் 4 தொடங்கி 12 வரை. தேற்றாத்தீவில் நாங்கள் தேடிப்போகும் அப்போஸ்தலர் யூதா ததேயுவின் திருநாள் ஒக்டோபர் 28, ஆகவே 19 முதல் 27 வரை. செபஸ்தியாரின் திருநாள் ஜனவரி 20, ஆகவே 11 முதல் 19 வரை. திருநாளிலிருந்து ஒன்பதைக் கழித்தால் தொடங்கும் நாள் வரும். திருநாளையும் சேர்த்து ஒன்பதாக எண்ணுவதால் பலர் ஒரு நாள் பிந்தித் தொடங்குகிறார்கள். கோவில் திருவிழா ஞாயிறுக்கு மாற்றப்பட்டிருந்தால் கொடியேற்றமும் நவநாளும் பங்குத்தந்தை அறிவித்தபடி நடக்கும். இந்தக் கணக்கு வீட்டில் தனியாகச் செய்வோருக்கு.

அந்தோனியாரின் திருநாளுக்கு முன் பதின்மூன்று செவ்வாய் பிடிப்பவர்கள் பின்னாலிருந்து எண்ணவேண்டும். ஜூன் 13க்குள் வரும் கடைசிச் செவ்வாய் பதின்மூன்றாவது. அங்கிருந்து 12 வாரம் பின்னால் போனால் முதற் செவ்வாய் எப்போதும் மார்ச் 15க்கும் 21க்கும் இடையில் விழும். இடையில் பெரும்பாலும் உயிர்ப்புத் திருநாளுக்கு முந்தைய பெரிய வாரச் செவ்வாயும் வந்துவிடும். அன்று ஆண்டவருடைய பாடுகளுக்கே முதலிடம். வீட்டில் அமைதியாக ஒரு செபம் சொன்னால் போதும், பாட்டும் மாலையும் வேண்டாம்.

ஒரு நாள் தவறிவிட்டால்? காய்ச்சல், பிள்ளைக்குச் சுகமில்லை, மழைவெள்ளம் என்று தவறும். அடுத்த நாள் தொடருங்கள். முதலிலிருந்து தொடங்காவிட்டால் செபம் பலிக்காது என்று திருச்சபை எங்கும் சொல்லவில்லை. ஒன்பது என்பது எங்களுக்கு விடாமுயற்சியைப் பழக்குகிற எண், பெட்டகத்தைத் திறக்கிற இரகசிய இலக்கமல்ல. இந்தச் செபத்தை ஒன்பது பிரதி எடுத்துக் கோவிலில் வை, பதினைந்து பேருக்கு அனுப்பு, அனுப்பாவிட்டால் கெடுதி வரும் என்று யூதா ததேயுவின் பெயரில் கைபேசியில் சுற்றுகிறதே, அதைத் துணிந்து அழியுங்கள். அது செபமல்ல, மிரட்டல். பயந்து அனுப்புகிறவர்கள் பெரும்பாலும் ஏற்கெனவே துன்பத்தில் இருப்பவர்கள். அதனால்தான் இதில் எனக்குக் கோபம் வருகிறது.

யூதா ததேயுவுக்கு உண்மையாக நவநாள் செய்ய விரும்புகிறவர் புதிய ஏற்பாட்டில் அவர் பெயரில் உள்ள திருமுகத்தை எடுங்கள். மொத்தம் 25 வசனம். நாளுக்கு மூன்று வசனமாக எட்டு நாளில் 24 முடியும், கடைசி நாளில் 25ஐ வாசித்து முழுவதையும் ஒருமுறை திரும்ப வாசியுங்கள். தத்தளிப்பவர்களுக்கு இரக்கம் காட்டச் சொல்வதும், நெருப்பிலிருந்து பிடித்திழுத்துக் காப்பாற்றச் சொல்வதும் முடிவுக்குச் சற்று முன்னே 22, 23ஆம் வசனங்களில் வரும். கைவிடப்பட்டவர்களின் துணைவர் என்ற பெயர் அவருக்கு எவ்வளவு பொருத்தம் என்பது அங்கே தெரியும்.

செபஸ்தியாரைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். அம்பு பாய்ந்த சுருவத்தைப் பார்த்து அம்பினால் இறந்தார் என்று நினைக்கிறோம். மரபு அப்படிச் சொல்லவில்லை. இறந்தார் என்று விட்டுப்போன உடலை எடுக்க வந்த ஐரீன் என்ற விதவை, உயிர் இருப்பதைக் கண்டு மருந்திட்டுத் தேற்றினார். எழுந்து நடக்க முடிந்ததும் செபஸ்தியார் தப்பி ஓடவில்லை, உரோமை மன்னன் தியோக்கிளேசியனின் முன்னேயே போய் நின்றார். தடியால் அடித்துக் கொன்றது அதன் பிறகு. செபஸ்தியாரிடம் நோய்க்காக வேண்டும் வீட்டில் ஐரீனையும் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுங்கள். நோயாளிக்குப் பக்கத்தில் இரா முழுக்க விழித்திருப்பவள் ஐரீனின் வழி வந்தவள்.

அடுத்தது நேர்த்தி. மனக்கவலை மிகுதியாக வருவது இதில்தான். திருச்சபைச் சட்டத்தின் 1191ஆம் இலக்கம் தெளிவாகச் சொல்கிறது: நேர்த்தி என்பது கடவுளுக்குக் கொடுக்கும் வாக்கு. சுய நினைவோடு, சுதந்திரமாக, செய்யக்கூடியதும் மேலான நன்மையுமான ஒன்றைப் பற்றிக் கொடுப்பது. அந்தோனியாருக்கு நேர்ந்தேன் என்று பேச்சில் சொல்கிறோம், ஆனால் நேர்ந்தது ஆண்டவருக்கு, அந்தோனியாரைத் துணைக்கு வைத்து. அநியாயமாக ஊட்டிய பெரும் பயத்தினாலோ வஞ்சகத்தினாலோ பிடுங்கப்பட்ட வாக்கு நேர்த்தியே ஆகாது.

நேர்ந்தவரை மட்டுமே அது கட்டும், 1193ஆம் இலக்கம். செப்டெம்பரில் ஆயித்தியமலை மாதா கோவிலுக்கு என் பேரப்பிள்ளை நடந்து வரும் என்று அம்மம்மா நேர்ந்தால், அம்மம்மா நடக்கலாம், பிள்ளையை ஆசையோடு கூப்பிடலாம். பிள்ளை போகாவிட்டால் அதற்குப் பாவமில்லை. வளர்ந்த பிள்ளைகள் இந்தச் சுமையோடு பயந்து திரிகிறார்கள், அவர்களுக்கு இதைச் சொல்லுங்கள். முழங்கால் தேய்ந்து நடக்க முடியாமற் போன அம்மம்மாவுக்கும் வழி இருக்கிறது. நேர்ந்ததற்கு ஈடான அல்லது அதைவிட மேலான நன்மையாகத் தானே மாற்றிக்கொள்ளலாம். குறைவான ஒன்றாக மாற்றவேண்டுமென்றால் பங்குத்தந்தையிடம் போகவேண்டும். தகுந்த காரணம் இருந்தால் நேர்த்தியிலிருந்து விடுவிக்கவும் தன் பங்கு மக்களுக்கு அவரால் முடியும். ஐந்து நிமிடப் பேச்சு. அதற்கு வெட்கப்பட்டுப் பத்து வருடம் மனதில் முள்ளை வைத்திருப்பவர்கள் உண்டு.

நேரும்போதே மூன்றைத் தெளிவாகச் சொல்லிக்கொள்ளுங்கள்: என்ன செய்வேன், எத்தனை தரம், எப்போதைக்குள். "ஏதாவது செய்கிறேன்" என்று நேர்ந்ததுதான் பிறகு தூக்கத்தைக் கெடுக்கும். கடன் வாங்கிப் பொன் சாத்த நேராதீர்கள். நெல்லோ தேங்காயோ ஒரு செவ்வாய் பசித்தவர்களுக்குச் சோறோ, கையில் உள்ளதை நேருங்கள்.

வீட்டுச் சுருவத்தைப் பற்றிச் சுருக்கமாக. பாரிஸ் சாந்துச் சுருவத்தை ஈரத்துணியால் துடைக்கவேண்டாம். சாந்து நீரை உறிஞ்சும், வாவிக்கரைக் காற்றில் காயாமல் உள்ளே தங்கி வர்ணத்தை உப்பவைக்கும். காய்ந்த மெல்லிய தூரிகை போதும். எண்ணெய் பூசினால் தூசி ஒட்டிக் கறுக்கும். மாலையை மறுநாளே கழற்றுங்கள், வாடிய பூவின் சாறு கறையாகும். மெழுகுதிரியைப் பிளாஸ்டிக் பூவுக்கும் திரைச்சீலைக்கும் கைக்கெட்டாத் தூரத்தில், தட்டில் மணல் போட்டு நிறுத்துங்கள். ஒருவர் இருவரின் படம் போதும். இருபது படம் தொங்கும் சுவரில் யாரையும் தெரியாமற் போகும்.

அந்த ஒருவரில் யோசேவ் வாஸ் முனிவருக்கு இடம் கொடுக்கமாட்டீர்களா? 1687இல் கூலியாள் வேடத்தில் யாழ்ப்பாணம் வந்து, ஒல்லாந்தரின் தடைக்குள் தமிழிலும் சிங்களத்திலும் மறைவாக மக்களைத் தேற்றியவர். கண்டியில் அம்மை நோய் பரவியபோது கைவிடப்பட்டவர்களைக் கழுவிச் சோறூட்டியவர். 1711 ஜனவரி 16இல் கண்டியில் இறந்தார். 2015 ஜனவரி 14இல் காலிமுகத்திடலில் திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தார். நவநாள் ஜனவரி 7இல் தொடங்கும், பொங்கல் அதன் முடிவில் வரும்.

புனிதர் என்று அறிவிக்கப்படாதவர்கள்? 1988 ஜூன் 6இல் இந்த நகரில் சுட்டுக்கொல்லப்பட்ட சந்திரா பெர்னாண்டோ அடிகளார், புனித மிக்கேல் கல்லூரியில் கூடைப்பந்து பழக்கி, 1990 ஆகஸ்ட் 15இல் காணாமற்போன ஹேபர்ட் அடிகளார் ஆகியோரின் நினைவு எங்கள் வீடுகளில் இருக்கிறது. தனிச் செபத்தில் அவர்களிடம் துணை கேட்கலாம். கோவிற் பீடத்தில் அவர்கள் படத்தை வைப்பதும், பொதுவில் புனிதரே என்று அழைப்பதும் கூடாது. பொது வணக்கம் திருச்சபை அறிவித்தவர்களுக்கு மட்டும்.

ஆனால் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. புனிதராக அறிவிப்பதற்காகத் திருச்சபை ஒருவருடைய வாழ்வை ஆராயும் நாள் எப்போதாவது வந்தால், கேட்கப்படுவது நேரில் கண்டவர்களின் சாட்சியமும் அவர் கைப்பட எழுதியவையும்தான். அன்று இளைஞராக இருந்தவர்களுக்கு இன்று அறுபது தாண்டிவிட்டது. கண்டதை மட்டும் எழுதுங்கள். கேள்விப்பட்டதைத் தனியாக, யார் சொன்னது என்று குறித்து எழுதுங்கள். கடிதங்களையும் படங்களையும் ஈரம் படாமல் உறையில் வையுங்கள். அவர்கள் வேண்டுதலால் நோய் தீர்ந்தது என்று நம்பினால், கிளினிக் கொப்பியையும் நோய் நிர்ணய அட்டையையும் எறியாதீர்கள். நோய்க்கு முன்னுள்ளதும் வேண்டும், பின்னுள்ளதும் வேண்டும். எழுதியதன் அடியில் திகதியும் கையெழுத்தும் போட்டு, ஒரு பிரதியைப் பங்கு அலுவலகத்தில் கொடுத்துவிடுங்கள்.