48 வோல்ட் லித்தியம் பேக் வீட்லயே கட்டலாம், ஆனா வெல்டருக்கு முன்னாடி இதப் பாருங்க

வணக்கம் மக்களே. போன வீடியோல சைக்கிளுக்கு ஹப் மோட்டார் மாட்டுனதப் பாத்துட்டு நெறைய பேரு பேட்டரி எங்க வாங்குனீங்க, என்ன வெலைன்னு கேட்டுருந்தீங்க. வாங்கலைங்க, நாமளே கட்டப்போறோம், இன்னைக்கு வீடியோ அதான். செல்லு மேல நிக்கல் பட்டைய ஒட்டவைக்கிற ஸ்பாட் வெல்டர எடுத்து டக்கு டக்குன்னு அடிக்கிறது கடைசில கொஞ்ச நேரம்தான் வரும், ஏன்னா ஒரு பேக் நாலஞ்சு வருஷம் ஓடுமா இல்ல ஒருநாள் பத்திக்குமாங்கறது வெல்டர ஆன் பண்றதுக்கு முன்னாடியே முக்கால்வாசி முடிவாயிடுது.

மொதல்ல கணக்கு. மோட்டார் 250 வாட், ஸ்பீடு 25 கிலோமீட்டருக்குள்ள, நம்ம நாட்டுல அதுவரைக்கும் ஆர்டிஓ ரிஜிஸ்ட்ரேஷன் வேணாம், அதுக்கு மேல நான் போகல. பேக் 13எஸ் 4பி. அதாவது நாலு செல்ல பேரலல்ல சேத்து ஒரு குரூப்பு, அந்த மாதிரி 13 குரூப்ப சீரீஸ்ல போடறோம், மொத்தம் 52 செல். ஒரு செல்லு 3.7 வோல்ட்டுன்னு வைங்க, 13 சேந்தா 48 வோல்ட், ஃபுல் சார்ஜ்ல ஒவ்வொண்ணும் 4.2, மொத்தம் 54.6. செல்லு 2500 எம்ஏஎச், அதாவது 2.5 ஆம்பியர் ஹவர், நாலு சேந்தா 10 ஆம்பியர் ஹவர், ஆக 480 வாட் ஹவர். மிதிச்சுக்கிட்டே போனா கிலோமீட்டருக்கு 10 வாட் ஹவர், மிதிக்காம த்ராட்டில்லயே போனா 15 வரைக்கும் இழுக்கும், அப்ப 30லேருந்து 45 கிலோமீட்டருக்குள்ள நீங்களே போட்டுக்கோங்க.

எல்எஃப்பி, அதாவது லித்தியம் அயர்ன் பாஸ்பேட் செல்லு போடலாமேன்னு கேப்பீங்க. தாராளமா போடலாம், மொத தடவ கட்றவங்களுக்கு நான் அதத்தான் சொல்லுவேன், செல்லுக்கு 3.2 வோல்ட்டுங்கறதால 16 சீரீஸ் வேணும், வெயிட்டும் கூட, ஆனா சூட்டத் தாங்கறதுல அது ரொம்ப மேல, அதுவும் போல்ட்டு போட்டு முடுக்கற பெரிய செல்லா எடுத்தீங்கன்னா வெல்டிங்கே கெடையாது. என் சைக்கிள் ஃப்ரேம்ல எடம் கம்மி, அதனால 18650ங்கற சின்ன உருளை செல்லு.

இப்ப செல்லு. 18 மில்லிமீட்டர் குறுக்களவு, 65 மில்லிமீட்டர் நீளம், அந்த நம்பருக்கு அர்த்தமே அதான். கடையில ஆன்லைன்ல எல்லாம் 9900 எம்ஏஎச்னு பிரிண்ட் அடிச்ச 18650 கெடைக்கும், தொடாதீங்க, இந்த சைஸ்ல நல்ல கம்பெனி செல்லே 3500 பக்கத்துல தான் நிக்கும். கையில தூக்குனாலே தெரியும், நல்ல செல்லு 45 கிராமுக்கு மேல கனமா இருக்கும், டூப்ளிகேட் லேசா கெடக்கும். பழைய லேப்டாப் பேட்டரிய உடைச்சு அதுலேருந்து எடுத்துப் போட்டா காசு மிச்சம்னு சொல்றாங்க, டார்ச் லைட்டுக்கு வேணா சரி, உக்காந்து ஓட்டற வண்டிக்கு வேணாங்க, அந்த செல்லு எவ்ளோ வெயில்ல கெடந்துச்சு, எத்தன தடவ சுத்தமா டெட் ஆச்சுன்னு நமக்கு எப்படித் தெரியும்?

புது செல்லா இருந்தாலும் நான் எல்லாத்தையும் 4.1 வோல்ட்டுக்கு ஏத்தி, நம்பர் எழுதி, ரெண்டு வாரம் சும்மா போட்டு வெச்சிடுவேன். அப்புறம் அளந்தா எல்லாம் ஒரே மாதிரி நிக்கும், எதாவது ஒண்ணு மட்டும் எறங்கியிருக்கும், அத ஒதுக்கிடணும், ஏன்னா அந்த ஒரு செல்லு பேக்குக்குள்ள போனா தன்னோட சேந்த மத்த மூணையும் உறிஞ்சிக்கிட்டே கெடக்கும். இன்டர்னல் ரெசிஸ்டன்ஸும், அதாவது செல்லு உள்ளுக்குள்ளயே கரண்ட எவ்ளோ தடுக்குதுங்கறதும் பாத்து கிட்டக்கிட்ட இருக்கறதா சேருங்க.

இப்ப கேமராவ பக்கத்துல கொண்டாறேன், இந்த எடத்த நல்லா பாருங்க. இது பாசிட்டிவ் முனை. நடுவுல இந்த மொட்டு மட்டும்தான் பாசிட்டிவ். அதச் சுத்தி விளிம்பு இருக்குல்ல, இது நெகட்டிவ், செல்லோட ஒடம்பு முழுக்கவே நெகட்டிவ். ரெண்டுக்கும் நடுவுல இருக்கறது இந்த வெள்ளை வாஷரும் மேல சுத்தியிருக்கற இந்த மெல்லிசு பிளாஸ்டிக்கும்தான். செல்லுங்கள ஒண்ணோட ஒண்ணு இணைக்கிற நிக்கல் ஸ்ட்ரிப் இந்த விளிம்பு மேல படுத்துக்கிட்டுத்தான் போகும், ஸ்பீடு பிரேக்கர், பள்ளம், மேடுன்னு நம்ம ரோட்டுல ஆடி ஆடி அந்த பிளாஸ்டிக்கு அறுந்துச்சுன்னா அங்கயே ஷார்ட்டு, அத பேக்க காவல் காக்குற பிஎம்எஸ் போர்டும் தடுக்காது, ஃபியூஸும் தடுக்காது. அதுக்குத்தான் இந்த பார்லி பேப்பர்ங்கற கரண்ட் கடத்தாத அட்டை, உளுந்து வடை மாதிரி நடுவுல ஓட்டை, பின்னாடி பசை, 52 செல்லுக்கும் ஒட்டணும். ஒரு பாக்கெட் சில்லற காசுதான், இதப் போய் மிச்சம் பிடிக்காதீங்க.

நிக்கல் ஸ்ட்ரிப்புலயும் ஏமாத்து உண்டு, உள்ள இரும்பு, மேல நிக்கல் பூச்சு. கிழிச்ச ஒரு துண்ட ப்ளேடால கீறி உப்புத் தண்ணில போட்டு வைங்க, துரு பிடிச்சா இரும்பு. அது கரண்ட் போகறப்ப சூடாகும், மோட்டாருக்கு கரண்ட் குடுக்கற நம்ம கன்ட்ரோலர் 15 ஆம்பியர் வரைக்கும் இழுக்கும், அந்த சூட்ட பேக்குக்குள்ள வெச்சுக்க வேணாம். சோல்டரிங்கும் வேணாம், அந்த சூடு செல்லுக்குள்ள எறங்கி சீலையும், உள்ள பாசிட்டிவ் நெகட்டிவ்வ பிரிச்சு வைக்கிற செப்பரேட்டரையும் கெடுக்கும்.

சரி, வெல்டு. மோதிரம், வாட்ச் கழட்டிடுங்க. பேரலல்ல சேக்கறதுக்கு முன்னாடி நாலு செல்லும் 0.05 வோல்ட்டுக்குள்ள ஒத்துப்போகணும். தனியா ரெண்டு செல்லுல வெல்டு வெச்சு ஸ்ட்ரிப்ப இடுக்கியால உரிச்சுப் பாருங்க, ஸ்ட்ரிப் கிழிஞ்சு வெல்டு வெச்ச புள்ளி செல்லுலயே நிக்கணும், சும்மா பிரிஞ்சு வந்தா பவர் பத்தல. ஒரு குரூப்பு முடிஞ்சதும் டேப் போட்டு மூடிட்டு அடுத்ததுக்குப் போங்க.

13 குரூப்பும் சீரீஸ்ல சேந்ததும் பிஎம்எஸ், அதுல மொதல்ல பி மைனஸ் வயர பேக்கோட மெயின் நெகட்டிவ்ல சேருங்க. ஒவ்வொரு குரூப்புலேருந்தும் வர்ற மெல்லிசு பேலன்ஸ் வயர் கனெக்டர சொருகறதுக்கு முன்னாடி மல்டிமீட்டரோட கருப்பு ப்ரோப்ப மொத பின்ல வெச்சு, செவப்ப ஒவ்வொண்ணா நகத்துங்க. செல்லெல்லாம் 4.1 பக்கத்துல இருக்கறதால 4.1, 8.2, 12.3ன்னு படி படியா ஏறணும். எங்கயாவது தாவுனாலோ எறங்குனாலோ வயரு மாறியிருக்கு, சொருகாதீங்க. பாசிட்டிவ் வயர்ல பேக்குக்கு ஒட்டியே 20 ஆம்பியர் ஃபியூஸ்.

சார்ஜர் 54.6 வோல்ட், 2 ஆம்பியர், காலியான பேக்குக்கு அஞ்சு மணி நேரத்துக்கு மேலயே ஆகும். 2022 மார்ச்ல வேலூர்ல ராத்திரி வீட்டுல சார்ஜ் போட்டிருந்த எலக்ட்ரிக் பைக் பத்திக்கிட்டு, அந்தப் புகையில அப்பாவும் மகளும் எறந்துபோனாங்க. அது கடையில வாங்குன வண்டிங்க. அதனால வீட்டுக்குள்ள, வாசல அடைச்சு, தூங்கறப்ப சார்ஜ் போடவே போடாதீங்க. மே மாச வெயில்ல ஓட்டிட்டு வந்த சூட்டோடயும் போடாதீங்க, பெரும்பாலான செல்லுக்கு சார்ஜ் ஏத்தறதுக்கு 45 டிகிரிதான் லிமிட்டு. பேக் உப்பினாலோ, தின்னர் மாதிரி வாசனை வந்தாலோ பிளக்க புடுங்கிட்டு எல்லாரும் வெளிய போயிடணும், பத்திக்கிச்சுன்னா ஃபயர் சர்வீஸுக்குக் கூப்பிடுங்க, இத அடக்க தண்ணி நெறைய வேணும்.

இதோ மொத சார்ஜ் முடிஞ்சிடுச்சு, மீட்டர்ல 54.4 காட்டுது, குரூப் குரூப்பா அளந்தேன், எல்லாமே 4.18, 4.19லதான் நிக்குது. ஒரு வாரம் கழிச்சு திரும்ப அளந்து அதே மாதிரி நின்னாத்தான் சைக்கிள்ல ஏத்துவேன், அந்த வீடியோல கன்ட்ரோலர் வயரிங்கயும் சேத்துக் காட்டறேன். வயரிங் படம் டிஸ்கிரிப்ஷன்ல இருக்கு, சந்தேகம்னா வெல்டு வைக்கிறதுக்கு முன்னாடியே கமெண்ட்ல கேளுங்க.